கடலுக்கும் எல்லை உண்டு

வத்தேகமச் சந்தையில் சாளையின் விலை ஏறும்போதெல்லாம் வணிகரைப் பழிப்பார் பலர். கடலில் மீனுக்குக் குறைவேது என்னும் நம்பிக்கையே அப்பழிப்பின் அடிப்படை. அந்நம்பிக்கை தவறானது, ஏழைக்குக் கேடு விளைப்பது.

சாளை இனத்துள் நெய்ச்சாளையை நோக்குக. ஏறத்தாழ இரண்டரை ஆண்டே வாழும் இம்மீன், ஓராண்டளவில் முதிர்ந்து, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முட்டையிடுகின்றது. ஒரு பருவம் பொய்ப்பின் மறு ஆண்டின் வலை மெலியும். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 3.9 இலட்சம் தொன்னாக இருந்த பிடிப்பு, 2021இல் 3,300 தொன்னளவுக்குச் சரிந்தது.

‘கோடிக்கணக்கில் பெருகும் இனம் மீளாதா?’ என வினவுவர். மீளலாம். ஆயினும் தலைக்கணக்கு வேறு, மரபுவளம் வேறு. குஞ்சுகளுள் பெரும்பாலன மடிய, சில பெற்றோரின் வழித்தோன்றல்களே எஞ்சுமாயின், பெருங்கூட்டத்திலும் மரபணு வேறுபாடு சுருங்கும். வெப்பமேறும் கடலில் பிழைக்கும் ஆற்றலோ அவ்வேறுபாட்டிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் நெய்ச்சாளையின் மரபணுத்தொகுதியை வாசித்து வெளியிட்டது. எக்கூட்டம் எதனுடன் கலக்கின்றது என ஆராய்வதற்கு இஃதோர் உறுதியான அடித்தளம். மன்னார் வளைகுடாவின் மீன் நாட்டெல்லை அறியாது; மீன்கூட்டத்தின் எல்லையறியாது இரு கரையும் தனித்தனியே விதி வகுப்பதால் விளையும் பயன் யாது? இரு நாட்டு ஆய்வாளரும் ஒருங்கே மாதிரிகள் திரட்டி அவ்வெல்லையை வரைதல் வேண்டும். பிடிப்பின் அளவும் அதன்படியே அமைதல் வேண்டும்.

மலையகத் தோட்டக் குடும்பங்களுக்குச் சிறுமீனும் கருவாடும் மலிவான புரதம். ஆதலின் இது கரையோரத்தார் கவலையெனப் பேராதனை மாணவர் ஒதுங்குதல் தகாது.