தூக்கப் போவது யார்?

காலை நிகழ்ச்சியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், குரல் பதிவுகள் வரிசை கட்டி வந்துவிடும். தாய்ப்பால், தடுப்பூசி, இரவுத் தூக்கம் என்ற வழக்கமான சந்தேகங்களுக்கு நடுவே அண்மையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "ஸ்லிங் வாங்கட்டுமா, கேரியர் வாங்கட்டுமா?" கேட்பவர்களில் சிலர் முதல் பிள்ளையை எதிர்பார்ப்பவர்கள். மற்றவர்கள், அந்தப் பிள்ளைக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசிக்கும் சித்திகளும் நாத்தனார்களும்.

எங்கள் பாசிர் கூடாங்கில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பே இல்லை. துறைமுகம், பாமாயில் ஆலை, இரசாயனத் தொழிற்சாலை என்று ஷிப்டு கணக்கில் ஓடுகிற ஊர் இது. விடியும் முன்பே சிங்கப்பூருக்கு மோட்டாரில் கிளம்புகிறவர்களும் நிறைய. தாத்தா பாட்டி குளுவாங்கிலோ சிகாமட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பது ஒரு பெரிய ஆளும் ஒரு சின்ன ஆளும்தான். துணி காயப்போட வேண்டும், ஒரு வாய் சாப்பிட வேண்டும். பிள்ளையோ கையை விட்டு இறங்காது.

இறங்காததற்குப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. 1986இல் கனடாவின் மொன்றியலில் 99 தாய்மாரையும் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுத் தாய்மார், அழுதாலும் அழாவிட்டாலும் பிள்ளையைத் தினமும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. "கைச்சூடு காட்டிக் கெடுத்துட்ட" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, எதில் தூக்குவது?

ஸ்லிங் என்பது துணி. தோளில் இரண்டு வளையம் வைத்து இழுத்து இறுக்குவது ஒரு வகை. அதுதான் ரிங் ஸ்லிங். ஐந்து மீட்டர் அளவுக்கு நீளும் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டுவது இன்னொரு வகை. கேரியர் என்பது இடுப்புப் பட்டை, தோள் பட்டை, பக்கிள் எல்லாம் வைத்துத் தைத்த இருக்கை. முன்னது பிள்ளையின் உடம்புக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், ஆனால் கட்டப் பழக வேண்டும். பின்னதைப் பத்து நொடியில் மாட்டிவிடலாம், ஆனால் பிள்ளை அந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும்.

துணியில் தூக்குவது நமக்கோ நம் அண்டை வீட்டாருக்கோ புதிதல்ல. மலாய்ப் பாட்டிமார் பாத்தேக் துணியைத் தோளில் போட்டுப் பிள்ளையை 'கெண்டோங்' செய்வதை இன்றும் பார்க்கலாம். நம் வீடுகளில் சேலையில் தூளி கட்டினோம். கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வேலை பார்த்தோம். ஆனால் வெளி வேலைக்குப் போகும்போது தோட்டத்துப் பெண்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போனார்கள். அதனால் நம்மிடம் தாலாட்டவும் தூங்க வைக்கவும் துணி இருந்தது. மூன்று மாதப் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு நடமாடும் பழக்கம் அந்த அளவுக்கு இல்லை. "அந்தக் காலத்திலேயே நாங்க துணியிலதான் தூக்கினோம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது, எந்த வயசுப் பிள்ளையை, எப்படி என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

கேரியரின் பூர்வீகமும் துணிதான். 1960களில் அமெரிக்காவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போன ஆன் மூர் என்ற தாதி, அங்கே தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிம்மதியாக நடமாடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளையும் அப்படிக் கட்டப் பார்த்தார், நழுவியது. அதற்காகப் பட்டைகள் வைத்துத் தைத்ததுதான் 'ஸ்னக்லி'. 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று கடையில் தொங்கும் கேரியர்களுக்கு அதுவும் ஒரு முன்னோடி.

இனி பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். 2010 மார்ச்சில் அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாக 14 குழந்தைகள் இறந்திருந்தன. அவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். அதே மாதம் இன்ஃபன்டினோ நிறுவனம் தன் பை வடிவ ஸ்லிங்குகள் 10 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பயம் கவனமாக மாறிவிடும். நான்கு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் கழுத்து முழுசாக நிற்காது. ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. துணியோ தூக்குபவரின் உடம்போ மூக்கையும் வாயையும் அடைத்தால் ஓரிரு நிமிடத்திலேயே மூச்சு முட்டிவிடும். இன்னொன்று இன்னும் அமைதியானது. ஆழமான பைக்குள் பிள்ளை வளைந்து படுக்கும்போது தாடை மார்பில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். அந்த நிலையில் அதனால் அழக்கூட முடியாது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தூங்குவது போலத்தான் தெரியும்.

அப்படியானால் கேரியர் வாங்கிவிட்டால் கவலை இல்லையா? அதுவும் இல்லை. பல கேரியர்களில் குறைந்தபட்ச எடை மூன்றரைக் கிலோவை ஒட்டி அச்சிட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் மூன்று கிலோவுக்குக் கீழே பிறக்கிறவர்கள். இரண்டே முக்கால் கிலோ பிள்ளையை அந்த இருக்கையில் வைத்தால் முகம் உள்ளே புதைந்துவிடும். ஸ்லிங்கில் வந்த அதே பிரச்சினை இங்கே வேறு உடையில் வந்து நிற்கும்.

இடுப்பு மூட்டையும் பார்க்க வேண்டும். கால்கள் நேராகக் கீழே தொங்கினால் பிஞ்சு மூட்டுக்கு நல்லதல்ல. அனைத்துலக இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாட்டுக் கழகம் பரிந்துரைப்பது இதுதான்: தொடை முழுவதும் தாங்கப்பட வேண்டும், முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், கால்கள் இரு பக்கமும் விரிந்திருக்க வேண்டும். தவளை உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் பிள்ளையை இடுப்பில் இடுக்கும்போது கால்கள் விரிந்து அணைத்து நிற்குமே, கிட்டத்தட்ட அந்த அமைப்புதான். இன்றைய ஆய்வு சொல்வதை அந்த இடுப்பு எப்போதோ செய்துவிட்டது.

ஆக, பொருளின் பெயரில் பாதுகாப்பு இல்லை. பிள்ளை அதில் எப்படி இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் "எது நல்லது?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: "தூக்கப் போவது யார்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள். நல்ல மாற்றம்தான். ஆனால் 98 நாள் என்பது 14 வாரம். பிரசவத்தன்றே விடுப்பு தொடங்கினாலும், அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். இறந்த 14 பேரில் 12 பேர் இருந்தார்களே, அந்த வயசைப் பிள்ளை இன்னும் தாண்டவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளை அம்மாவின் கையிலிருந்து அப்பா, பாட்டி, பராமரிப்பாளர் என்று கை மாறுகிறது. மூன்று மாதமாகக் கட்டிப் பழகிய கை ஒன்று, அன்று கட்டப் போகும் கை இன்னொன்று.

எங்கள் வீட்டில் நான் ஐந்தடி ஓர் அங்குலம். என் கணவர் ஆறடிக்குப் பக்கம். எனக்கு ரிங் ஸ்லிங் சரியாக வந்தது. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டுவதே எரிச்சலாக இருந்த வாரங்களில் தோளில் ஒரு துணி போதுமாக இருந்தது. பால் கொடுக்கவும் வசதி. அவருக்கோ அந்த வளையத்தை இழுத்து இறுக்கும் பொறுமை கிடையாது. பிள்ளை நான்கரைக் கிலோ தாண்டியதும் அவருக்காகக் கேரியர் வாங்கினோம். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, பக்கிளை மாட்டிக்கொண்டு தாமானை இரண்டு சுற்றுச் சுற்றுவார். அந்த முக்கால் மணி நேரம் நான் தூங்குவேன். என் அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருக்கு மணிக்கட்டு வலி. மெல்லிய எழுத்தில் அச்சிட்ட கையேட்டையும் படிக்க முடியாது. அவருக்கு நாற்காலியும் மடியும்தான். அம்மா அதற்காக வருத்தப்படவில்லை; நீங்களும் உங்கள் அம்மாவை வற்புறுத்தாதீர்கள்.

இதிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான். தினமும், அவசரத்திலும், தூக்கக் கலக்கத்திலும் யார் எதைத் தவறில்லாமல் கட்டுவாரோ, அதுதான் அவருக்குரியது. அழகாக இருக்கிறது என்று வாங்கி, இருபது நிமிடக் காணொளியைப் பார்த்தால்தான் கட்ட முடியும் என்றால், அது எவ்வளவு உசத்தியான துணியாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

எதை வாங்கினாலும், கட்டி முடித்ததும் ஐந்து விஷயம் பாருங்கள். பிரிட்டனில் ஸ்லிங் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து வகுத்த விதிகள் இவை. குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டிக்கும் பராமரிப்பாளருக்கும் புரியும்.

ஒன்று, இறுக்கம். பிள்ளை உங்கள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொய்ந்தால் உள்ளே சரியும்.

இரண்டு, முகம். குனிந்து பார்த்தால் எந்நேரமும் முகம் தெரிய வேண்டும். துணியை விலக்கித்தான் பார்க்க முடியும் என்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

மூன்று, உயரம். தலையைச் சற்றுக் குனிந்தாலே பிள்ளையின் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும்.

நான்கு, தாடை. தாடைக்கும் மார்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

ஐந்து, முதுகு. முதுகில் கை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். பிள்ளையின் உடம்பு நிமிர்ந்து விரியவோ உங்களை நோக்கி மேலும் நெருங்கவோ கூடாது.

நம் ஊருக்கென்று சிலதைச் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே வெயிலும் புழுக்கமும் ஆண்டு முழுக்க உண்டு. ஸ்லிங் துணியும் ஒரு சட்டைதான். அதற்குள் பிள்ளைக்கு மெல்லிய பருத்தி ஒன்று போதும், கம்பளித் தொப்பி வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்து நனைந்திருந்தால் உடனே இறக்கிவிடுங்கள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். தாளிக்கும் எண்ணெய் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? காரில் கேரியர் உதவாது. 2020 ஜனவரி 1 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மோட்டாரில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போகிறவர்களை நம் சாலையில் பார்க்கிறோம். விழுந்தால் பிள்ளைமேல் விழுவது உங்கள் உடம்பு என்பதை நினைத்துப் பாருங்கள். கேரியரில் இருப்பதால் அங்கே எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, சளியும் மூச்சுத் தொல்லையும் உள்ள பிள்ளை என்றால் கடைக்குப் போகும் முன் கிளினிக்குக்குப் போங்கள். மாதாந்தரப் பரிசோதனையின்போது தாதியிடம் துணியையே எடுத்துச் சென்று காட்டிக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு என் யோசனை. பிறந்த முதல் மாதங்களில் பெரும்பாலும் நீங்களே தூக்கப் போகிறீர்கள், கட்டிப் பழக நேரமும் ஆர்வமும் இருக்கிறது என்றால், ரிங் ஸ்லிங் அல்லது நீளத் துணியில் பிள்ளையை நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சாக வைத்துத் தூக்குங்கள். தொட்டில்போலப் படுக்க வைக்கும் பை வடிவம் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றித் தூக்குவீர்கள், கணவரும் அதில் ஒருவர் என்றால், கொஞ்சம் காத்திருந்து, பிள்ளை எடை ஏறியதும் அளவு மாற்றக்கூடிய கேரியர் ஒன்றை வாங்குங்கள். அதுவரை கை இருக்கிறது, மடி இருக்கிறது.

கடைக்குப் போகும்போது தூக்கப் போகிறவர்கள் எல்லாரும் போங்கள். மாட்டிப் பார்த்து, உள்ளே ஒரு பொம்மையை வைத்து, ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் மூன்று கிலோ அரிசிப் பையை வைத்து ஒரு வாரம் பழகுங்கள். பக்கிள் 'டக்' என்று பூட்டுகிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, வளையத்தில் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இணையத்தில் பிரபல நிறுவனத்தின் பெயரில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதைச் சந்தேகப்படுங்கள். அக்காள் பிள்ளைக்கு வாங்கியது சும்மா கிடக்கிறது என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் இதே சோதனைதான்.

பரிசு கொடுக்க நினைக்கும் சித்திகளுக்கும் நாத்தனார்களுக்கும் ஒரு வார்த்தை. பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் வியப்பில் ஆழ்த்த வேண்டாம். பிள்ளை பிறந்து எடை தெரிந்த பிறகு, அந்தத் தம்பதியரோடு கடைக்குப் போய், அப்பாவின் உடம்பிலும் ஒருமுறை மாட்டிப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அம்மா மற்றவர்களைக் கட்ட வைத்து, பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அந்த இரண்டு வாரம் அவர் வீட்டுச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால், அதைவிட நல்ல பரிசு வேறில்லை.