ராஜா வேஷம் யாருக்கு?

நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் தினந்தோறும் மாலை நாலரை மணிக்கு ஒரு சினிமாப் படம் தயாராகிறது. காமிரா கிடையாது, பிலிம் கிடையாது, டைரக்டர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். சென்ற மாதம் இந்தக் கம்பெனியில் புது நடிகன் ஒருவன் சேர்ந்தான். மணிப்பூரிலிருந்து உத்தியோக நிமித்தமாக வந்து மூன்றாவது மாடியில் குடியேறியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வயது ஒன்பது. மேலே வந்த கால் மணி நேரத்துக்குள் அவனுக்குப் பிரதான வேஷம் கிடைத்துவிட்டது. "இவன்தான்டா புரூஸ் லீ!" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. பையனுக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் கிடைத்த வேஷத்தை விடலாமா? தண்ணீர்த் தொட்டியை ஓர் உதை உதைத்து, கால் கட்டை விரலைச் சுளுக்கிக்கொண்டான். கரகோஷம் பிரமாதமாயிருந்தது.

நாலாம் நாள் ராஜா ராணிக் கதை. "இன்றைக்கு நான்தான் ராஜா" என்றான் பையன். சபையில் சற்று மௌனம். நம் மருமான் கொஞ்சம் நியாயஸ்தன். யார் மனமும் நோகக் கூடாதென்று நினைப்பவன். "ராஜாவுக்கு இந்த மாதிரி முகம் கிடையாதுடா. நீ ராஜாவோட பாடிகார்டா இரு. சண்டையெல்லாம் உனக்குத்தான்!" என்று சமாதானம் சொன்னான். துணி உலர்த்துவதற்காக மாடிக்குப் போயிருந்த நாம் (இதை நேயர்கள் வெளியில் சொல்ல வேண்டியதில்லை) கையில் ஈர வேஷ்டியோடு அப்படியே நின்றுவிட்டோம்.

மருமான் சொன்ன அதே சமாதானத்தை ஹாலிவுட் பட முதலாளிகள் வெகு காலம் சொல்லி வந்தார்கள். அவன் சரித்திரம் படித்துச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்த படங்களையும், அவர்களைப் பார்த்து நம்மவர்கள் எடுத்த படங்களையும் பார்த்துச் சொன்னான்.

கீ லூக் என்று ஒரு நடிகர் இருந்தார். 1904-ம் வருஷம் சீன தேசத்துக் கான்டன் நகரில் பிறந்து, அமெரிக்காவில் ஸியாட்டில் பட்டணத்தில் வளர்ந்தவர். முதலில் சித்திரக்காரர், பிறகு நடிகர். 1935-ம் வருஷத்தில் 'சார்லி சான்' என்னும் துப்பறியும் கதைப் படங்களில் அவருக்கு இடம் கிடைத்தது. சார்லி சான் புத்திசாலியான சீனத் துப்பறிவாளர். அந்த வேஷம் போட்டவரோ வார்னர் ஓலண்ட் என்னும் சுவீடன் தேசத்து மனிதர். கீ லூக் அவருடைய மூத்த குமாரன். தகப்பனார் சுவீடன், பிள்ளை சீனன்! இந்த அதிசயக் குடும்பத்தை ஜனங்கள் ஆட்சேபணையின்றி ஒப்புக்கொண்டார்கள். 1937-ல் 'நல்ல பூமி' என்னும் பெரிய படம் வெளியாயிற்று. சீன விவசாயி ஒருவனுடைய கதை. தகப்பனாக நடித்தவர் பால் முனி. தாயாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர். இருவரும் ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர்கள். மூத்த பிள்ளை யார் என்கிறீர்கள்? நமது கீ லூக்தான்.

அந்தத் தாய் வேஷத்துக்கு எல்லா விதத்திலும் தகுதியுள்ள ஒரு நட்சத்திரம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே பிறந்து வளர்ந்து, பெயரும் புகழும் பெற்றிருந்தாள். அன்னா மே வாங் என்பது பெயர். விவசாயியின் குடும்பத்தைக் கெடுக்க வரும் ஆசைநாயகி வேஷத்தை வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். சீன முகத்துக்குக் கெட்டவள் வேஷந்தானா என்று அவள் மறுத்துவிட்டு, 1936-ல் சீன தேசத்துக்குக் கப்பல் ஏறினாள். லூயிஸ் ரெய்னருக்கு அந்த வேஷத்துக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

கீ லூக்கிடம் திரும்பி வருவோம். 1940-ல் 'பச்சைக் குளவி' என்னும் தொடர் படத்தில் முகமூடி வீரன் ஒருவனுக்கு மோட்டார் ஓட்டும் கேட்டோ என்னும் வேலைக்காரனாக நடித்தார். இந்தக் கேட்டோவின் ஜாதகம் விசித்திரமானது. ரேடியோ நாடகத்தில் அவன் முதலில் ஜப்பானியன். பிறகு பிலிப்பைன் தீவுக்காரன். கீ லூக் நடித்தபோது கொரியாக்காரன் என்று சொல்லிக்கொண்டார்கள். வேலைக்காரன் எந்தத் தேசத்தவன் என்பதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கார் ஓட்டினால் சரி, எஜமானுக்காக நாலு பேரை அடித்தால் சரி.

கால் நூற்றாண்டு கழிந்தது. 1964-ல் கலிபோர்னியாவில் லாங் பீச் என்னுமிடத்தில் நடந்த கராத்தேப் போட்டியில் இருபத்துமூன்று வயது வாலிபன் ஒருவன் மேடை ஏறிச் சில வித்தைகளைக் காட்டினான். அவன்தான் புரூஸ் லீ. 1940-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தவன். தகப்பனார் கான்டன் நாட்டுச் சங்கீத நாடக நடிகர். ஹாங்காங்கில் குழந்தை நட்சத்திரமாகப் பல படங்களில் நடித்து, இப் மான் என்னும் ஆசிரியரிடம் குங்பூ பயின்று, 1959-ல் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தவன். டெலிவிஷன்காரர்கள் 1965-ல் அவனை அழைத்துக் காமிரா முன் நிறுத்திப் பரீட்சை பார்த்தார்கள். என்ன வேஷத்துக்கு? சார்லி சானின் மூத்த குமாரன் வேஷத்துக்கு! முப்பது வருஷத்தில் பூமி முப்பது முறை சூரியனைச் சுற்றி வந்துவிட்டது. ஹாலிவுட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த யோசனை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக 1966-ல் புரூஸ் லீ டெலிவிஷனில் கேட்டோ ஆனார். கறுப்பு உடை, தலையில் டிரைவர் தொப்பி, கண்களின் மேல் முகமூடி. அவருடைய கை வேகத்தைக் காமிராவினால் பிடிக்க முடியாமல், சற்று மெதுவாக அடிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். கதாநாயகர் பேசுவார், கேட்டோ அடிப்பார். கதாநாயகர் யோசிப்பார், கேட்டோ காரை எடுத்து வருவார். 26 வாரக் கதைகளோடு 1967-ல் தொடர் நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஹாங்காங்கில் அதே தொடரை ஜனங்கள் 'கேட்டோ நாடகம்' என்றே அழைத்தார்கள். எஜமானன் பெயர் அங்கே யாருக்கும் அவசியப்படவில்லை.

பிறகு 1972-ல் 'குங்பூ' என்றே பெயர் வைத்து ஒரு டெலிவிஷன் தொடர் வந்தது. ஷாவோலின் மடத்தில் பயின்ற ஒரு துறவி அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில் ஊர் ஊராய்த் திரியும் கதை. புரூஸ் லீயின் பெயர் அந்த வேஷத்துக்குப் பிரஸ்தாபிக்கப்பட்டது. கடைசியில் வேஷம் கிடைத்தது டேவிட் கராடின் என்னும் வெள்ளை நடிகருக்கு. அவருக்கு அப்போது குங்பூ தெரியாது. அதனால் என்ன? முகம் சரியாயிருந்தது! தொடர் 1975 வரையில் ஓடிற்று. அதில் மடத்துக் குருடரான குருநாதராக வந்தவர் யாரென்று நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். ஆம், கீ லூக். பிள்ளையாக ஆரம்பித்து, வேலைக்காரனாகி, குருவாகவும் ஆகிவிட்டார். இடையிலே ஒரு மனிதனுக்கு வாலிபம் என்று ஒன்று இருக்கும், காதல் இருக்கும், கதையைத் தானே நடத்திச் செல்லும் காலம் இருக்கும். அது மட்டும் திரையில் அரிதாகவே தென்பட்டது.

இதற்கு முதலாளிகள் கூறிய காரணம் வியாபாரம். 1971-ல் ஹாங்காங்கில் ஒரு கனடா தேசத்துப் பத்திரிகையாளருக்குப் பேட்டி அளித்தபோது புரூஸ் லீயே இதை ஒப்புக்கொண்டார். பணம் போடுகிறவர்கள் ஜனங்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ என்று பயப்படுவது இயற்கை, அவர்களைக் குறை சொல்லமாட்டேன் என்றார். அவருடைய பெருந்தன்மை நமக்கு இல்லை. ஒரு பண்டத்தைக் கடையில் வைக்காமலே "வாங்குவார் இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது என்ன வியாபாரம்? ஹாங்காங்கில் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' கம்பெனி அந்தப் பண்டத்தைக் கடையில் வைத்துப் பார்த்தது. 1971-லும் 1972-லும் வந்த அவருடைய படங்கள் அங்கே அதுவரை இருந்த வசூல் கணக்குகளையெல்லாம் மிஞ்சிவிட்டன.

அந்தப் படங்களில் 1972-ல் வந்த இரண்டாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கதை நடப்பது அந்நியர் ஆதிக்கத்தில் இருந்த ஷாங்காய் நகரில். குருவைப் பறிகொடுத்த சீட வாலிபன் ஒரு பூங்காவுக்குள் நுழையப் போகிறான். நாய்களுக்கும் சீனர்களுக்கும் இடமில்லை என்று வாசலில் பலகை. உண்மையில் அந்நகரத்துப் பூங்கா விதிகளில் நாய் ஒரு பிரிவிலும் சீனர் மற்றொரு பிரிவிலுமாகத்தான் இருந்தார்கள். 1928-ல்தான் சீனருக்கு வாசல் திறந்தது. படத்தில் வாலிபன் துள்ளி எழுந்து ஓர் உதை உதைக்கிறான். பலகை ஆகாயத்திலேயே துண்டு துண்டாகிறது. சொந்த ஊரில் கிளப்பு வாசற்படி மிதிக்க உரிமையில்லாதிருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த உதையின் ருசி தெரியாதா? நாமும் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினோம்.

உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த வாசலில் நின்று, கையை நீட்டிப் பலகையைக் காட்டி, வாலிபனைத் தடுத்தவன் யார்? தலைப்பாகையும் தாடியுமாக ஓர் இந்தியக் காவல்காரன்! ஷாங்காய்ப் போலீஸில் சீக்கியர்கள் உத்தியோகம் பார்த்தது சரித்திர உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படத்தில் இந்தியனுக்கு வாய்த்தது அந்த ஒரு வேலைதான். ஜப்பானியர்களோ ஒருவர் விடாமல் குரூரமானவர்கள். அகப்பட்ட முகத்தை ஒரே அச்சில் வார்க்கும் வேலை ஹாலிவுட்டுக்கு மட்டும் சொந்தமல்லவென்று அன்றுதான் நமக்குப் புலப்பட்டது.

நிற்க. ஹாங்காங் வசூலைப் பார்த்த பிறகே ஹாலிவுட்டுக்குத் தைரியம் வந்தது. 1973 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'எண்டர் தி டிராகன்' வெளியாயிற்று. முகமூடி இல்லாத புரூஸ் லீயை உலகம் கண்டது. அவரோ அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 20-ம் தேதி, 32-வது வயதில் காலமாகிவிட்டார். அந்தப் படத்திலுங்கூட முதலாளிகள் முன்ஜாக்கிரதையாக அவர் பக்கத்தில் ஒரு வெள்ளை வீரரையும் ஒரு கறுப்பு வீரரையும் நிறுத்தினார்கள். கறுப்பர் பாதிப் படத்திலேயே கொல்லப்படுகிறார். அதுவும் ஒரு பழைய அச்சுத்தான். தீவுக்கு அதிபதியான வில்லன் பேசும் இங்கிலீஷ் மட்டும் நடித்தவருடைய குரல் அல்ல; இரவல் குரல். யாருடையது? இனிச் சொல்லவும் வேண்டுமா? கீ லூக்குடையது.

புரூஸ் லீ மறைந்ததும் புரூஸ் லி என்றும் புரூஸ் லே என்றும் டிராகன் லீ என்றும் பெயர் வைத்துக்கொண்டு வரிசையாகப் பலர் கிளம்பினார்கள். ஒரு மனிதர் உடைத்துத் திறந்த வாசல், அவரைப்போல் உதைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஜெட் லீ 1998-ல் ஹாலிவுட்டுக்கு வந்தபோது கிடைத்தது வில்லன் வேஷம். இரண்டு வருஷம் கழித்து ரோமியோ பெயரைச் சொல்லிக் கதாநாயகனாக்கினார்கள். ஆனால் அந்த ரோமியோ காதலியைத் தழுவிக்கொள்வதோடு படம் முடிந்துவிடுகிறது. நூறு பேரை அடிக்கலாம். ஒரு முத்தம் கூடாது. ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ வெகு காலம் தாவியும் பாய்ந்தும் நடித்த பிறகு, அறுபது வயதை நெருங்கிய சமயத்தில், வரிக் கணக்கோடு மன்றாடும் சலவைக்கடைக்காரியாக ஒரு படத்தில் வந்தார். கணவனோடு மனஸ்தாபம், மகளோடு மனஸ்தாபம், தகப்பனாரிடம் பயம். அதிலும் சண்டை உண்டு. ஆனால் சண்டை போடுகிறவளுக்கு ஒரு வீடும் இருந்தது. 2023 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு அவரைத் தேடி வந்தது.

அமெரிக்காக்காரர்களை இவ்வளவு கேட்டுவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது தர்மமாகாது. 2011-ல் நம் தமிழ்நாட்டில் 'ஏழாம் அறிவு' வெளியாயிற்று. காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனருக்கு வீரக்கலை கற்பித்தார் என்னும் ஐதிகத்தைச் சொல்லி நம்மை மார்தட்ட வைத்த படம். அதில் பேச்சில்லாமல் முறைத்துப் பார்த்தே கொலை செய்யும் சீன வில்லனாக நடித்தவர் ஜானி டிரி நூயென். சீனர் அல்ல, வியட்நாம் தேசத்தவர். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழும் கதையொன்றில், 2007-ல், தம் நாட்டுத் திரையில் கதாநாயகராக விளங்கியவர். அந்நிய ஆட்சியை எதிர்த்த வீரர்! நம் திரைக்கு வந்ததும் அவருக்குத் தேசமும் போயிற்று, பேச்சும் போயிற்று; கண்ணும் காலும் மிஞ்சின. 2014-ல் மணிப்பூரின் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் ஜீவிய சரித்திரத்தை ஹிந்தியில் படமாக்கினார்கள். அதற்குள் அவர் 5 முறை உலக சாம்பியன். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். அவராக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. நன்றாகவே உழைத்து நடித்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. மணிப்பூரிலே நடிக்கத் தெரிந்த பெண்ணே இல்லையா என்பதுதான் நம் கேள்வி. 'வியாபாரம்' என்ற பதிலைத்தான் இங்கேயும் கேட்டோம். தீவிரவாதக் குழுக்கள் ஹிந்திப் படங்களுக்கு விதித்திருந்த தடையினால் மேரி கோமின் ஊர்த் தியேட்டர்களில் அந்தப் படம் ஓடவுமில்லை.

மாடி விவகாரத்துக்கு வருவோம். அன்று இரவு மருமான் சாப்பிட உட்கார்ந்தபோது, "மணிப்பூரில் ராஜாக்கள் இருந்தார்கள், தெரியுமா?" என்று கேட்டோம். இம்பாலில் காங்லா கோட்டை இன்றும் இருப்பதையும், 1949-ல் மகாராஜா போதசந்திரர் இந்தியாவோடு சேரக் கையெழுத்திட்டதையும் சொன்னோம். மருமான் மோர்ச் சாதத்தைப் பிசைந்தபடியே சற்று யோசித்தான். "அந்த ராஜாக்களுக்கெல்லாம் இவன் முகமா மாமா?" என்றான். "பின்னே உன் முகமா இருக்கும்?" என்றோம்.

நேற்று மாலை துணி எடுக்கப் போனபோது அந்தப் பையன் தண்ணீர்த் தொட்டியின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் கிரீடம், நம் வீட்டு இட்லித் தட்டு. மருமான் கீழே கைகட்டி நின்று, "அரசே! எந்தச் சத்துரு மேல் படையெடுக்கலாம்?" என்று விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். ராஜா, இன்றைக்குச் சண்டையே வேண்டாம், எல்லாருக்கும் விருந்து என்று உத்தரவிட்டார். இட்லித் தட்டு இன்னும் கீழே வந்து சேரவில்லை.