எலி மருந்தும் மரநாயும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தூரிகை வால் பாஸ்கோகேல் என்றொரு பைப்பாலூட்டி உண்டு. மரத்திலேயே வாழும் சின்ன ஊனுண்ணி. இரவில் மரப்பட்டையைப் பிய்த்துப் பூச்சியும் சிலந்தியும் தேடும். வாய்த்தால் கோழிக்கூட்டுக்குள்ளும் புகுந்துவிடும். இதன் ஆண்கள் இணை சேரும் பருவம் முடிந்த கையோடு, ஒரு வயது நிறையும் முன்பே, ஒட்டுமொத்தமாகச் செத்துப்போகின்றன. மிஞ்சுவது குட்டி வளர்க்கும் பெண்கள்தாம். அவற்றுக்குப் பொந்துள்ள மரம் வேண்டும். அங்குள்ள யூகலிப்டஸ் மரத்தில் நல்ல பொந்து விழ நூறு ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்பதால், பழைய மரங்களை வெட்டித் தீர்த்த காடுகளில் இன்று மரப்பெட்டிகளை மாட்டி வைத்து அந்த இனத்தைக் காக்கிறார்கள்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பைப்பாலூட்டி கிடையாது. ஆனால் மரமேறும் சிறிய ஊனுண்ணிகளுக்குக் குறைவில்லை. இங்குள்ள உலு மூடா பெருங்காட்டின் கதை வேறு. நீர்ப்பிடிப்பு, மரம் வெட்டு என்று அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. பேச ஆளில்லாமல் கிடப்பது பெடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் உலவும் மூசாங், அதாவது மரநாய். கூடவே சிறுத்தைப்பூனை. இரண்டில் மரநாய்க்குப் பழத்தின்மேல்தான் பிரியம். உதிரிச் செம்பனைப் பழமும் தின்னும், எலியும் பிடிக்கும். சிறுத்தைப்பூனை அப்படியல்ல. சபாவின் செம்பனை நிலங்களில் ராஜநாதன் ராஜரத்தினமும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு (2007) அதன் முதன்மை உணவே எலிதான் என்று காட்டியது. தீபகற்ப மலேசியாவின் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வேட்டைத் துப்பாக்கி தெரியும் அளவுக்கு எலி மருந்து தெரிவதில்லை.

எலி மருந்து விஷயத்தில் கூகையின் வரலாற்றைத் தோட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் அது கூடுகட்டியதாக முதலில் பதிவானது 1968இல், ஜொகூரின் செம்பனைத் தோட்டம் ஒன்றில். எலிகளைச் சும்மா விட்டால் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு வரை போய்விடும் என்ற கணக்கு நிர்வாகிகளை உலுக்க, கம்பத்தில் பெட்டி மாட்டிக் கூகையை வளர்ப்பது வழக்கமாயிற்று. அதற்கிடையில் வார்ஃபரின் என்ற எலி மருந்துக்கு எலிகள் பழகிக்கொண்டன. இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான புரோடிஃபாக்கும் போட்ட தோட்டங்களில் எலியோடு கூகையும் குறைந்ததை டக்கெட் என்பவர் 1984இலேயே எழுதி வைத்தார். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும், அந்த நேரத்தில் பிடிபடுவதும் எளிது. அதன் ஈரலில் தங்கிய நஞ்சு அதைத் தின்ற பிராணியின் ஈரலுக்கு மாறி, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

கூகைக்கு நேர்ந்தது கண்ணில் பட்டது, ஏனென்றால் கூகைக்குப் பெட்டி இருந்தது, பெட்டியை எண்ண ஆள் இருந்தது. மரநாய்க்குப் பெட்டியும் இல்லை, பதிவேடும் இல்லை. பகலில் மட்டைகளுக்கு இடையிலோ கொடிப் பின்னலிலோ சுருண்டு கிடக்கும் பிராணி உள்ளே ரத்தம் கசிந்து செத்தால், பழக்குலை வெட்ட வரும் தொழிலாளி மட்டையடியில் பார்ப்பார். நாற்றம் தாங்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார். காலைப் பெரட்டுக் கூட்டத்தில் அதைச் சொல்லச் சொல்லி எவரும் கேட்டதில்லை.

பேராக்கின் செகாரியிலிருந்து வந்த செய்தி இங்கே பொருந்தும். செம்பனைத் தோட்டத்துக்குள் வந்துபோகும் பன்றிவால் குரங்குக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்பதாக 2019இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணித்தார்கள். பழம் திருடும் குரங்கு என்று துரத்தப்பட்ட விலங்கு, கணக்குப் போட்டுப் பார்த்தால் தோட்டத்தின் கூலியில்லா ஆளாக இருந்தது. மரநாய்க்கும் இதே அளவு வரும் என்று இவ்விதழ் சொல்லவில்லை. அதைப்போல ஒரு கணக்கு கெடாவிலும் போடப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறது.

பொந்து விஷயத்துக்கு வருவோம். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டில் சாய்த்து மறுநடவு செய்கிறோம். அந்த வயதில் மரம் நல்ல பொந்து தருவது அரிது. தோட்டத்தில் முதிர்ந்த மரம் மிஞ்சியிருப்பது ஆற்றோரத்திலும் மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்களை ஒட்டிய ஆல், அரச மரங்களிலும்தான். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படும்போது கோயிலை எங்கே மாற்றுவது என்று பல மாதம் பேச்சு நடக்கும். மரத்தை யாரும் கேட்பதில்லை. பிறகு அந்த மரத்தில் ஒதுங்கிய மரநாய் புதுத் தாமானின் கூரைக்குள் குடியேறுகிறது, வீட்டுக்காரர் பொதுத் தற்காப்புப் படைக்கு ஃபோன் செய்கிறார், நாமும் அதை ‘வனவிலங்குத் தொல்லை’ என்று எழுதிக்கொள்கிறோம்.

2020 முதல் நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயமான பிறகு ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு என்ற சொல் எல்லாக் கோப்புகளிலும் இருக்கிறது. களத்தில் நடப்பது பெரும்பாலும் பழைய முறைதான்: மரத்துக்கு ஒரு மருந்துக் கட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை தின்றதை நிரப்புவது, எலிகள் எடுக்கும் கட்டி 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்துவது. நிறுத்துவதில்தான் சிக்கல். சேதம் வராத டிவிஷனிலும் காலண்டரைப் பார்த்து மருந்து போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கள அலுவலர்கள் அடுத்த சுற்றிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. புதுச் சேதம் 5 விழுக்காட்டைத் தாண்டாத இடத்தில் கட்டி வைக்காமல் இருக்கலாம். வார்ஃபரின் இன்னும் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே புரோடிஃபாக்கும் பெட்டியை உடைக்கலாம். செத்த எலியைப் பொறுக்கிப் புதைக்க மண்டோர் ஒருவரிடம் பொறுப்புத் தரலாம். மருந்துப் பதிவேட்டில் ‘வேறு விலங்கு’ என்று ஒரு கட்டம் சேர்த்து, செத்துக் கிடந்த மரநாய், சிறுத்தைப்பூனை, கூகை ஒவ்வொன்றையும் தேதியோடும் எந்த வரிசையில் கிடந்தது என்பதோடும் குறித்து, வனவிலங்குத் துறையின் மாநில அலுவலகத்துக்கு அனுப்பலாம். மறுநடவுக்கு அளவெடுக்கும் நாளில் ஆற்றோரத்துப் பொந்து மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டால் புல்டோசர் ஓட்டுநருக்கும் குழப்பம் இருக்காது.