முதியோரின் சித்தசுவாதீனத்தைத் தீர்மானிப்பது யார்?

பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ, பெற்றோர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ முதியோர் இல்லங்களில் காலங்கழிப்பது இன்று புதுமையான விடயமன்று. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின் போதே நாட்டின் சனத்தொகையில் சுமார் 12.4 சதவீதத்தினர் 60 வயதை எட்டியிருந்தனர். இவர்களில் மறதி நோய்க்கு ஆளாகும் ஒருவரின் வீடு, காணி, வங்கிக் கணக்கு ஆகியன தொடர்பில் முடிவெடுக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினா எமது சமூகங்களில் போதியளவு எழுப்பப்படவில்லை.

சட்டத்தில் விடை இல்லாமலில்லை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ், சொத்துடைய ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் எனக் கூறப்படுமிடத்து மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தி, தமது கருமங்களைக் கவனிக்க அவர் இயலாதவரெனக் கண்டால் சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்கலாம். சம்பந்தப்பட்டவருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். நீதிமன்றம் அவரை நேரில் விசாரிக்கவும் முடியும்.

ஆயினும் குடும்பங்கள் எளிதில் நாடுவது அற்றோணித் தத்துவத்தையே. அதனை வழங்கியவர் சித்தம் கலங்கியதும் அத்தத்துவம் வலுவிழந்து விடுமென்பதைப் பலர் அறியார். நன்கொடை உறுதியாயினும் ஹிபாவாயினும், கொடுப்பவர் தெளிந்த சித்தத்துடன் இருந்திருக்க வேண்டும். கட்டிலருகே வாங்கப்படும் கையொப்பங்கள் பின்னர் சகோதரர்களை நீதிமன்றப் படியேற வைப்பது இதனாலேயே.

பழைய சட்டத்தின் பெருங்குறை, மனிதரை 'சுவாதீனமுள்ளவர்', 'அற்றவர்' என இரண்டாக மட்டும் பிரிப்பதாகும். இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டுச் சட்டமோ ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே நோக்குகின்றது. காணி விற்பனையை விளங்கிக்கொள்ள இயலாத தாய், தம்மை யார் பார்க்க வரலாமென்பதைத் தெளிவாகக் கூறக்கூடும். மறுபுறம், நீதிமன்ற நியமனம் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நீதிமன்றத்தினால் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்த ஏப்ரல் பார்க்ஸ் என்பவர், தம் பொறுப்பிலிருந்த முதியோரின் உடைமைகளைச் சுரண்டியமைக்காக 2019 இல் சிறைத்தண்டனை பெற்றார்.

சட்டத்தின் முன் வலுக்குறைந்தோருக்கும் சம அங்கீகாரம் கோரும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான அக்கறையோ பராமரிப்பாகும்.

தமிழ் பேசும் முதியோருக்கு மேலுமொரு இடர் உண்டு. பரிசோதிக்கும் மருத்துவரின் மொழி முதியவரின் மொழியாக இல்லாதவிடத்து, விளங்காத கேள்விக்கான மௌனமும் மறதியாகப் பதியப்படலாம். இன்று என்ன திகதி என்று கேட்கிறார்கள். எல்லா நாட்களும் ஒன்றுபோலவே கழியும் இல்லத்தில் திகதி தெரியாதிருப்பதில் வியப்பென்ன?

இத்தகைய விசாரணைகளில் முதியவரை இல்லத்திற்கே சென்று அவரது மொழியில் கேட்பதும், விண்ணப்பிக்கும் உறவினருக்குச் சார்பற்ற சட்டத்தரணி ஒருவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் ஊடாக அவருக்கு வழங்குவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். முகாமையாளரின் கணக்குகளை நீதிமன்றம் ஆண்டுதோறும் பரிசீலிக்க வேண்டும். நீதியமைச்சு இதற்கான திருத்தங்களை முன்வைக்கத் தாமதிக்கக் காரணமில்லை.