பழங்குடி மகளுக்கும் நிலத்தில் சம பங்கு: எங்கள் நிலைப்பாடு

பெற்றோரின் நிலத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு பழங்குடி மகளுக்கும் உண்டு என்பதை நாடு முழுவதும் சட்டமாக்க வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்றைய நிலை

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லும் நாடாளுமன்றம் 2005-லும் தந்த சம பங்கு பழங்குடி மகளை எட்டாததற்கு இதுவே காரணம். காசி, காரோ போன்ற தாய்வழிச் சமூகங்கள் நீங்கலாக, பெரும்பாலும் வழக்கம் ஆண்கள் பக்கமே நிற்கிறது.

நாற்று நடுவதும் களையெடுப்பதும் கதிரடிப்பதும் அவள். பட்டா அண்ணன் பெயரில். பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் கிடைப்பதில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தால் இழப்பீட்டுப் பட்டியலில் அவள் பெயர் வராது. ஜார்க்கண்டில் கைம்பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்துத் துரத்தும் கொடுமைகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது நிலத்தகராறுதான்.

2022 டிசம்பரில், சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பரிசீலிக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டுப் பெண் ஒருவரின் வாரிசுகளுக்குச் சம பங்கு வழங்கியது. பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் இருப்பதை அவர்களே நிரூபிக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் கேட்டது தவறு என்றது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு பெண்ணும் டெல்லிவரை வழக்காட முடியாது.

ஓர் அச்சத்துக்கு எங்கள் பதில்

மகளுக்குக் கொடுத்தால் மருமகன் வழியே நிலம் வெளியாருக்குப் போய்விடும் என்று ஊர்ப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். நிலத்தை இழந்தே வந்த மக்களின் அச்சம் அது; அதை மதிக்கிறோம். அதற்கான காப்பு, 1908-ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில் இருப்பது போன்ற கைமாற்றத் தடை. அந்தத் தடை மகன், மகள் இருவர் பங்குக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். மகளின் உரிமையைப் பறிப்பது காப்பு ஆகாது.

கோரிக்கைகள்

1. பழங்குடியினர் பலர் தம்மை இந்துக்களாகக் கருதுவதில்லை. ஆகவே தனி வாரிசுரிமைச் சட்டம் வேண்டும். கிராம சபைகளில் பெண்களைக் கேட்டே அதை எழுத வேண்டும். தாய்வழி உரிமைகள் எதுவும் அதில் குறையக் கூடாது.

2. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லும் கணவன் மனைவி கூட்டுப் பட்டாவை எல்லா மாநிலங்களும் விடுபடாமல் வழங்க வேண்டும்.

3. மகள்களை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வழங்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவைக் கொண்டுவருமாறு மத்திய அரசை வலியுறுத்துகிறோம்.