பஞ்ச்சுக்குப் பெருமை, கள்ளுக்கு மட்டும் கேஸா?

திருச்சி - மதுரை ரோட்டில் இருக்கும் விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம். ஊர் அதை ஒளித்து வைப்பதில்லை. ஆங்கிலத்தின் 'செரூட்' நம்ம சுருட்டிலிருந்து போனதுதான், அதில் தகராறே கிடையாது. தகராறெல்லாம் 'பஞ்ச்' என்கிற சொல்லுக்கு. டயலாக் பஞ்ச் இல்லை மக்களே, குடிக்கிற பஞ்ச் :-)

ரம் பஞ்ச் என்றதும் கரீபியன் தீவும் குடை சொருகின கிளாஸும்தான் ஞாபகம் வரும். அதன் கணக்கு எல்.கே.ஜி. பாடம் மாதிரி: புளிப்பு 1, இனிப்பு 2, சரக்கு 3, தண்ணீர் 4. அதாவது எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரைப் பாகு 40, ரம் 60, ஐஸ் தண்ணீர் 80. மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் கசக்கி ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பாகு காய்ச்சினால் வாசனை தூக்கும். (21 வயது ஆகாதவர்கள் ரம்முக்குப் பதில் பிளாக் டீ ஊற்றிக்கொள்ளவும்.)

எண்ணிப் பாருங்கள், ஐந்து பொருள். 'பஞ்ச' என்றால் ஐந்து, அதனால் இது இந்தியப் பானம் என்பது ஒரு கட்சி. 1698-ல் வெளிவந்த ஜான் ஃப்ரையரின் பயண நூலே, கோவா சாராயத்தில் ஆங்கிலேயர்கள் கலக்கின இந்தப் பானத்துக்கு ஐந்து பொருளால் பெயர் வந்தது என்கிறது. எதிர்க்கட்சி, 'பஞ்சன்' என்கிற மரப்பீப்பாயிலிருந்து பெயர் வந்தது என்கிறது. பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் ஐந்து பொருள் இல்லை, அந்தக் கால ஆங்கில உச்சரிப்பும் இடிக்கிறது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். 'உலகுக்குத் தமிழன் தந்த காக்டெயில்' என்று ஃபார்வர்டு அனுப்பத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். ஐந்துக்குத் தமிழில் ஐந்து என்றுதான் பெயர்!

பெயர் எப்படியோ போகட்டும், ஊரை மாற்ற முடியாது. இதுவரை கிடைத்த முதல் குறிப்பு 1632-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய கடிதம். அது போய்ச் சேர்ந்தது பேட்டபோலிக்கு, இன்றைய ஆந்திராவின் நிஜாம்பட்டினம். நம்ம சோழமண்டலக் கரை. ரம் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஃப்ரையர் சொல்லும் கோவா சாராயம் தென்னங்கள்ளைக் காய்ச்சினது.

இந்த மாதிரிச் சண்டைகளில் யார் ஜெயிப்பது என்று பாருங்கள். பினா கொலாடாவுக்கு போர்ட்டோ ரிக்கோவில் கரீப் ஹில்டன் ஹோட்டல் 1954 என்கிறது, பர்ராசினா உணவகம் 1963 என்கிறது. அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். பார் வைத்திருப்பவனுக்குத்தான் குட்வில். மரமேறிக்கு?

தமிழ்நாட்டில் கேஸ். 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. கரும்பாலைக் கழிவான மொலாசஸில் காய்ச்சும் ரம்முக்கோ 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுபானம்' என்று சட்டை மாட்டி, 2003-லிருந்து டாஸ்மாக் மூலம் அரசே சில்லறைக்கு விற்கிறது. உள்ளூர்ப் பனையில் வடிவது குற்றம், பேரிலேயே அயல்நாடு என்றிருப்பது வருமானம். இது மதுவிலக்கு இல்லை, ஒரு வியாபாரியை விரட்டிவிட்டு இன்னொருவருக்குக் கடை பிடித்துக் கொடுப்பது. குடியே வேண்டாம் என்பவர்கள் இரண்டையும் மூடச் சொல்லட்டும், அது நேர்மை.

கள்ளில் கலப்படம் செய்வார்கள் என்பார்கள். செய்வார்கள்தான். கலப்படத்துக்கு மருந்து சோதனை, லைசென்ஸ். தடை போட்டு என்ன நின்றது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் சாராயத்தில்.

பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள். இலங்கையில் தென்னஞ்சாராயம் லேபிள் ஒட்டிக் கப்பலேறுகிறது. இங்கே மாநில மரமான பனையில் கலயம் கட்டுகிறவர் உள்ளே சுண்ணாம்பு தடவியாக வேண்டும். தடவினால் பதநீர், தடவாவிட்டால் போலீஸ்.