மனிதத் தவறு (விமானக்குழு)

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போர் விமானம் ஒன்றின் கோட்டோவியம். இறக்கையிலும் வாலிலும் நடு உடம்பிலும் சிவப்புப் புள்ளிகள், எஞ்சின் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களை வைத்து எங்கே கவசத் தகடு போடலாம் என்று கணக்குப் போட்டார்களாம். ஓட்டை அதிகமுள்ள இடத்தில் போடலாம் என்பது எல்லாருக்கும் தோன்றுகிற பதில். இல்லை, ஓட்டையே இல்லாத இடத்தில் போடுங்கள், அங்கே அடி வாங்கியவைதான் திரும்பி வரவே இல்லையே என்று ஒருவர் சொன்னாராம். ஸ்டார்ட்-அப் ஆட்கள், கோச்சிங் சென்டர்காரர்கள், பங்குச்சந்தை யூட்யூபர்கள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லி எதையாவது விற்றுவிட்டார்கள்.

அந்த ஒருவர் ஆபிரகாம் வால்ட். 1902-ல் பிறந்த ஹங்கேரிய யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். தப்ப முடியாத குடும்பத்தார் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காக இயங்கிய புள்ளியியல் குழுவில் 1943-ல் அவர் எழுதியது வறண்ட சமன்பாடுகள் நிறைந்த குறிப்புகள். புள்ளி வைத்த படம் அவர் போட்டதல்ல, பிற்காலத்தில் யாரோ செய்தது.

வால்ட் எங்கே செத்தார் என்று மட்டும் எந்த ஃபார்வேர்டும் சொல்வதில்லை. எங்க மலையில்தான். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்கு வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று மனைவியோடு ஏர் இந்தியாவின் டகோட்டாவில் வந்துகொண்டிருந்தார். கோத்தகிரி பக்கம் ரங்கசாமி மலையில் விமானம் மோதியது. 21 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. திரும்பாத விமானங்களைப் பற்றி யோசித்த மனிதர் திரும்பாத விமானம் ஒன்றில் போனார். கோடநாடு வியூ பாயிண்டில் நின்று அந்த மலையைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நாலு வருஷம் முன்னால்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ளக் காரணம் இன்னொரு டிசம்பர்.

2021 டிசம்பர் 8. அன்று நான் குன்னூரில் வீட்டில் இருந்தேன். பதினொன்றரைக்கெல்லாம் மேகம் இறங்கிவிட்டது. இங்கே டிசம்பரில் இது செய்தியே கிடையாது. கொழுந்து பறிக்கப் போகும் அத்தை காலையில் வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு வெரசா மூடிரும்" என்பார், மூடிவிடும். மினி பஸ் டிரைவர்கள் பகலிலேயே லைட்டைப் போட்டு ஹாரன் அடித்துக்கொண்டே வருவார்கள்.

அன்று 11:48-க்கு சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர். வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியில் மாணவ அதிகாரிகளுக்கு உரையாற்றப் போகிறார். 12:15-க்கு இறங்க வேண்டியது, 12:08 வாக்கில் தொடர்பு அறுந்தது. காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில், வீடுகளை ஒட்டிய சரிவில் மரங்களை முறித்துக்கொண்டு விழுந்து எரிந்தது. ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். போர்த்திக்கொண்டிருந்த கம்பளியைக் கொடுத்தார்கள், அதில்தான் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் பெங்களூரில் போராடி 15-ம் தேதி இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஃபிளக்ஸ், மெழுகுவர்த்தி, ஸ்டேட்டஸ், 'சதி' என்று இரண்டு நாள் வாட்ஸ்அப் துப்பறிதல். எனக்கு அதில் கோபமில்லை. ஒரு சொல்லில்தான் கோபம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழுவின் முதல்கட்ட முடிவை விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே மலையில் மோதியது. மேகத்துக்குள் எது மேல், எது கீழ் என்று உள்காது ஏமாற்றிவிடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நடக்கும் என்கிறார்கள்.

பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரையிலான 34 விமானப்படை விபத்துகளுக்கு ஓர் அட்டவணை, காரணம் எழுத ஒரு கட்டம். நஞ்சப்பசத்திரத்துக்கு நேரே எழுதியிருந்தது: மனிதத் தவறு (விமானக்குழு).

துறைச் சொல்லகராதியில் தவறு வேறு, கவனக்குறைவு வேறு. இரண்டு வாசகமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று நிபுணர் எனக்கு விளக்கலாம். சரி. ஆனால் செய்தித்தாள் படிக்கிற நமக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? 'பைலட் தப்பு பண்ணிட்டார்.' முடிந்தது. செத்தவர் மேல் பழியைப் போட்டால் மேல்முறையீடு கிடையாதே.

நான் கேட்பது வால்ட் கேட்டதைத்தான். மேகத்துக்குள் போன அந்த நிமிடம் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை. தெரியாத ஓட்டைகள் எங்கே? அன்றைய வானிலைத் தகவல் எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு அவர்களுக்குப் போனது? சூலூரிலிருந்து குன்னூருக்குச் சாலை இருக்கிறதே, அதில் வரலாம் என்று யாராவது சொன்னார்களா? திரும்பிவிடலாம் என்று விமானி முடிவெடுத்தால் அதை ஒரு பெரிய தளபதியின் நிகழ்ச்சி நிரல் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளும்? இதற்கெல்லாம் உள்ளே பதில் எழுதப்பட்டிருக்கலாம். முழு அறிக்கை நமக்குத் தரப்படவில்லை. நமக்குக் கிடைத்தது ஒரு கட்டமும் இரண்டு சொல்லும்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. போர்க்காலத்தில் ஊறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மண்ணில் மட்டும், எதிரியின் ஒரு தோட்டாகூட இல்லாமல், ராணுவ விமான விபத்துகளில் செத்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலும் பயிற்சியில் இருந்த பையன்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,000-க்கும் மேற்பட்டவர்களில் 8,000 பேருக்கு மேல் எதிரியைச் சந்திக்காமலே பயிற்சியிலும் விபத்திலும் போனார்கள். களத்தில் தேய்ந்த பழைய விமானங்களைப் பயிற்சிக்குத் தள்ளிவிடுவார்கள், அதில் அரைகுறையாகக் கற்றவர்களை இரவிலும் பனியிலும் அனுப்புவார்கள். அப்படிப் பயிற்சிக்கு அதிகம் ஓடிய குண்டுவீச்சு விமானத்தின் பெயர் வெலிங்டன். எங்க ஊர் கன்டோன்மென்டுக்குப் பெயர் கொடுத்த அதே பிரபுவின் பெயர்.

அவர்கள் பட்டியலில் இரண்டு வாசகம் உண்டு. எதிரியால் செத்தவர் 'போரில் கொல்லப்பட்டார்.' பயிற்சியில் மலையில் மோதியவர் 'பணியின்போது இறந்தார்.' முதலாவதற்குப் பாட்டு, படம், சிலை. இரண்டாவது வீட்டுக்குப் போன ஒரு தந்தி. தங்கள் விமானமே அவனைக் கொன்றது என்று எந்த அரசாங்கம் சிலை வைக்கும்?

போர் முடிந்தால் சரியாகிவிடும் என்றால் அதுவும் இல்லை. நம் கதையையே பாருங்கள். மெதுவான பயிற்சி ஜெட்டிலிருந்து நேராக மிக்-21-க்குத் தாவ வைக்காதீர்கள், நடுவில் ஒரு மேம்பட்ட பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபோன்டைன் குழு 1982-ல் சொன்னது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். 22 வருஷம்! அந்த இடைவெளியில் விழுந்த ஒவ்வொரு பையனின் கோப்பிலும் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். கோப்பு நகராத மேசைக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது.

கீழே இருப்பவர்களுக்கும் கிடையாது. 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமான்கட் மாவட்டத்தில் வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய மிக்-21 ஒரு வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். விமானி குதித்துத் தப்பினார், நல்ல வேளை. 1944 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃப்ரெக்கிள்டன் கிராமத்தில் சோதனைப் பறத்தலுக்குப் போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் புயலில் சிக்கிப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 61 பேரில் 38 பேர் குழந்தைகள். நஞ்சப்பசத்திரத்தில் வீடுகளுக்கும் தீக்கும் நடுவே இருந்தது சில அடிகள்தான்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மாமா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ரிடையர் ஆனவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ளே, எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியாது. எதிரியும் படிப்பான்ல" என்றார். இது மட்டமான வாதம் அல்ல. எந்தக் கருவி, எந்த அலைவரிசை, யார் பாதுகாப்புக்கு எப்படி வருகிறார் என்பதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் குன்னூரில் டிசம்பர் மதியம் பனி இறங்கும் என்பது எந்த எதிரிக்குத் தெரியாது?

2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அடுத்த செப்டம்பரில் முழு அறிக்கையும் இணையத்தில் வந்தது. அதுவும் விமானியைத்தான் முதலில் சொன்னது. ஆனால் அங்கே நிற்கவில்லை. நிறுவனத்தின் அமைப்பு சார்ந்த கோளாறுகளையும் பேசி 43 பரிந்துரைகள் செய்தது. விமானியின் வீட்டார் அதைப் படித்துச் சண்டை போடலாம், இன்னொரு விமானி படித்துப் பிழைக்கலாம். பயணிக்குச் செய்த இந்த மரியாதையைச் சிப்பாய்க்கு ஏன் செய்யக்கூடாது?

வால்டின் வேலை கஷ்டமானது. அவருக்குத் தேவையான விமானங்கள் ஜெர்மனியிலும் கடலடியிலும் கிடந்தன, இல்லாததை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் விமானம் நம் ஊரில், நம் தேயிலைக்குப் பக்கத்தில் விழுந்தது. கருப்புப் பெட்டி கிடைத்தது. மலை ரயில் தண்டவாளத்தில் நின்றவர்கள் அது மேகத்துக்குள் போவதை வீடியோகூட எடுத்திருந்தார்கள். விழுந்த விமானம் கையில் இருக்கும்போதே பார்க்க மறுக்கிறவர்கள்தான் சிவப்புப் புள்ளிப் படத்தைப் பயிற்சி வகுப்பில் போட்டு மேலாண்மைப் பாடம் நடத்துகிறார்கள்.

மாமாவிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லவில்லை, சண்டையாகிவிடும். கோழிக்கோட்டு அறிக்கையை மட்டும் ஃபோனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அன்னிக்குக் காலைல எத்தன மணிக்கு மூடுச்சு இங்க?" என்று கேட்டார்.

பதினொன்றரை இருக்கும் என்றேன்.

"ஒங்க அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.